மோதிரத்துக்குள் வேறு பெயர்

குஷாய்குடா, ஹைதராபாத்
2 ஜனவரி 2024

அன்புள்ள பிலோவுக்கு,

நாற்பத்தொன்பது வயதில் ஒருத்திக்கு நிச்சயதார்த்த மோதிரம் எப்படி இருக்க வேண்டும்? அகலப் பட்டையா, மெல்லியதா, கல் வைத்தா, வைக்காமலா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்க வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக வெளியே வராத அடைப்பு மடத்துக்குள் இருக்கிற உன்னைக் கேட்பது விசித்திரம்தான். ஆனால் நீ யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் உங்களுக்குக் கடிதம் கிடையாது என்பதால் ஒரு மாதமாக ஒன்றும் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கேக் உடையாமல் வந்ததா?

ஒருத்தி என்று எழுதியது என்னைத்தான். எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் கிரெகரி என்று ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் கிரி. வயது ஐம்பத்தாறு. இங்கே உள்ள தொழிற்சாலையில் வேலை. மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நம் அப்பா மாதிரியே அவர் அப்பாவும் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப். இவர் எங்கள் அசோசியேஷன் செக்ரெட்டரி. தண்ணீர் மோட்டாரை எந்த நேரத்தில் போடுவது என்று இரண்டு வருடம் இவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒருநாள் சண்டையின் நடுவே, "மேடம், நீங்க திட்ட வராத அன்னிக்கு எனக்குப் பொழுதே போகமாட்டேங்குது" என்றார். நான் மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் திறந்தேன். அவ்வளவுதான் கதை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 7, கோவிலில் ஃபாதர் முன்னால் மோதிரம் மாற்றலாம் என்கிறார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்டேன். "நக்கோ ஜெஸ்ஸி, வேணாம். திருட்டுத்தனமா பண்ற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அந்த மாதிரி இருந்தால்தான் நிம்மதி என்று அவரிடம் சொல்லவில்லை.

கல்லூரியில் யாருக்கும் தெரியாது. என்னிடம் புள்ளியியல் படிக்கிற பெண்கள் படிப்பை நிறுத்திவிட்டு நிச்சயம் செய்துகொள்ளும்போது அவர்களுக்கு நான் செய்கிற உபதேசம் உனக்குத் தெரியும்.

கடிதங்களை மதர் படிப்பார்கள் என்று முன்பு சொல்லியிருந்தாய். அதை நினைத்தால் இதைத் தபாலில் போடவே கூசுகிறது. குளிரில் வெறும் தரையில் முழங்கால் போடாதே.

உன் அக்கா,
ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
11 ஜனவரி

இயேசுவின் அமைதி உன் வீட்டில் தங்கட்டும், அக்கா.

கேக் நொறுங்கித்தான் வந்தது. கரண்டியால் சாப்பிட்டோம். முழங்கால் பரவாயில்லை, மழைநாளில் மட்டும் பேசும்.

மதருக்கு இரண்டு கண்ணிலும் புரை. இப்போது கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உன்னுடையதைத் தண்ணீர் மோட்டார் சண்டை வரை வாசித்தேன். "உங்க அக்கா நல்லா வாயாடுவாங்க போலிருக்கே" என்று சிரித்தார்கள். அதற்கு அப்புறம் வாசிக்கவில்லை. பாவமா என்று பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் சாமியாரிடம் கேட்க வேண்டும்.

எனக்கு மோதிர விஷயத்தில் என்ன தெரியும் என்று நினைத்தாயோ, எனக்கும் ஒன்று இருக்கிறது. துறவறத்துக்கான கடைசி வார்த்தைப்பாட்டின்போது போட்டார்கள். எந்த மாதிரி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இறந்துபோன ஒரு சிஸ்டருடையது. விரலில் நிற்காது, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். இப்போது சோப்புப் போட்டாலும் கழலாது. கல் வைக்காத அகலப் பட்டையாக எடு. கல் இருந்தால் மாவு பிசையும்போது இடுக்கில் ஒட்டும். என் நகை ஞானம் அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் வரியில் "ஒருத்தி" என்று எழுதிவிட்டு, என் முழங்காலையும் கேக்கையும் தாண்டித்தான் "என்னைத்தான்" என்கிறாய். ஏன்?

கிரி அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தங்கை,
பிலோ


குஷாய்குடா
21 ஜனவரி

அன்புள்ள பிலோவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு லேசாக ஜலதோஷம், மற்றபடி நலம்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியாததால் நீ கேட்காததை எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை அமீர்பேட்டில் ஒரு கடைக்குப் போகிறோம். பெண்ணின் மோதிரத்தை மாப்பிள்ளை வாங்குவது, மாப்பிள்ளையுடையதைப் பெண் வாங்குவது. பெண்ணின் மோதிரத்துக்குள் அவன் பெயர், அவனுடையதற்குள் அவள் பெயர். இதையெல்லாம் கிரி எனக்கு வகுப்பெடுத்தார். நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

இதை மதருக்கு வாசிக்காதே. நேற்று பேருந்தில் என் இடது கையை முன் இருக்கைக் கம்பியின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தேன். கணு தடித்த விரல்தான். ஆனால் அகலமான, வழவழப்பான பட்டை ஒன்று அதில் பொருந்தும் என்று தோன்றியது. பக்கத்தில் ஒரு மாணவி வந்து உட்கார்ந்ததும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கல்லூரியில் சொல்லிவிடுங்கள் என்கிறார் கிரி. சொல்லலாம். அவசரம் என்ன?

உடம்பைக் கவனித்துக்கொள்.

ஜெஸ்ஸி


குஷாய்குடா
29 ஜனவரி

அன்புள்ள பிலோவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஜலதோஷம் இருமலாக மாறியிருக்கிறது. மாடியில் குரங்குகள் வந்து தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டன. இரண்டு நாள் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கல்லூரியில் தேர்வு அட்டவணை மூன்றாவது முறையாக மாறியிருக்கிறது. தம்பி போன் செய்தான். வர்ஷினிக்குச் சென்னையிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். உனக்கு எழுதச் சொன்னான்.

மோதிரங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. பத்துப் பதினைந்து நாளில் வரும்.

இங்கே வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. அங்கே எப்படி?

அன்புடன்,
ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
7 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகளுக்கு வேலை கிடைத்ததற்கு இங்கே எல்லாருமாக நன்றி சொன்னோம். உன் இருமலுக்குத் துளசியும் மிளகும் போட்டுக் குடி.

குரங்குக்கு ஐந்து வரி, மோதிரத்துக்கு ஒரு வரி. அகலப் பட்டையா, மெல்லியதா? அவருடையது எப்படி? கடையில் என்ன நடந்தது? நான் வெளியே போய் ஒரு நகைக்கடையைப் பார்க்கப்போவதில்லை. நீ எழுதினால்தான் எனக்கு உண்டு.

சீக்கிரம் எழுது. வரும் புதன் திருநீற்றுப் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை வருகிற கடிதமெல்லாம் மதர் அறை டிராயருக்குப் போய்விடும். திறக்கவும் மாட்டோம், எழுதவும் மாட்டோம். சாவுச் செய்திக்கு மட்டும் போன். அந்த அளவுக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

தவக்காலத்தில் உனக்காகவும் கிரி அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வேன். நீ நம்பாவிட்டாலும்.

பிலோ


குஷாய்குடா
15 பிப்ரவரி

மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

நான் கிரெகரி. உங்கள் அக்கா என்னைப் பற்றி எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவன். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். பிழை இருந்தால் மன்னிக்கவும். தாங்களும் மடத்தில் உள்ள அனைவரும் நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

போன மாதம் மோதிரம் எடுக்க அமீர்பேட் போனோம். கடையில் சுதர்சன் என்று ஒருவர், சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார். உட்கார்ந்ததுமே, "சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்க, பார்க்கவே சந்தோஷமா இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். உங்கள் அக்காவும் சிரிப்பார்கள், அப்புறம் விஷயத்தைச் சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அவர்கள் மோதிரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு வரலையா மேடம்?"

"சென்னையில இருக்கா" என்றார்கள்.

பெயர் பொறிக்க எழுதிக்கொள்ளும்போது, "பொண்ணு பேரு?" என்றார். "வர்ஷினி" என்றார்கள். அது உங்கள் தம்பி மகள் பெயர் என்று எனக்குத் தெரியும். அப்புறம் என்னைப் பார்த்து, "பையன் பேரு சார்?" என்றார். எனக்குப் பையன் கிடையாது சிஸ்டர். "கிரி" என்றேன். ஒரு பொய்யாவது குறையட்டும் என்று.

இதுவரைக்கும் பரவாயில்லை. மெட்ரோவில் போகும்போது சொல்லிச் சிரிக்கலாம், திரும்பப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அப்போது கம்மல் திருகு மாற்ற ஒரு டீச்சர் வந்தார். மைதிலி என்று பெயர், உங்கள் அக்கா கூட வேலை பார்ப்பவர். "ஜெஸ்ஸி மேடம், நீங்க எங்க இங்க!" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். உங்கள் அக்கா, "இவர் எங்க அபார்ட்மெண்ட் செக்ரெட்டரி. இங்க பார்த்தேன்" என்றார்கள். நான் வணக்கம் சொன்னேன். வெளியே போய் டீ குடித்தேன். உப்பல் வரை மெட்ரோவில் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் மோதிரங்கள் வந்தன. நான்தான் போய் வாங்கி வந்தேன். நான் போட வேண்டிய மோதிரத்துக்குள் ஒரு சின்னப் பெண்ணின் பெயர் இருக்கிறது. அலமாரியில் வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அவர்கள் வெட்கப்படுவது இந்த வயதுக்கா, எனக்கா? வயதுக்கு என்றால் எனக்கு வருத்தமில்லை, எனக்கும் அந்த வயதுதான். எனக்கு என்றால் நான் விலகிக்கொள்ள வேண்டும். அவர்களைக் கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். நீங்கள் கூடப் பிறந்தவர்கள். ஒரு வரி போதும், ஏப்ரல் 7-க்கு முன்னால். பதில் வராவிட்டால், எழுதச் சங்கடப்படுகிறீர்கள் என்று புரிந்துகொள்வேன்.

எனக்காக ஜெபிக்கவும்.

இப்படிக்கு,
கிரெகரி


குஷாய்குடா
10 மார்ச்

அன்புள்ள பிலோவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருமல் போய்விட்டது.

இந்தக் கடிதம் ஈஸ்டர் வரை டிராயரில் கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நீ வாசிக்கிற நேரத்தில் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும், எதையும் மாற்ற நேரம் இருக்காது.

கடையில் எங்களைச் சம்பந்திகள் என்று நினைத்தார்கள். பெண்ணின் அம்மா, பையனின் அப்பா. இல்லை என்று சொல்ல ஒரு விநாடிதான் வேண்டும். அந்த விநாடி போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் முந்தின பொய்க்குப் பொருந்துகிற பதிலைத்தான் சொல்ல முடிந்தது. பெண் எங்கே என்றதற்குச் சென்னை. பெயர் என்ன என்றதற்கு முதலில் வாயில் வந்தது வர்ஷினி. அளவு கேட்டபோது என் விரலை நீட்டப் போனேன். "உங்க விரல் வேணாம் மேடம், பொண்ணுக்கு ஒல்லி விரலா இருக்குமே" என்றார் விற்பனையாளர். ஆமாம் என்று அவர் எடுத்துக் காட்டிய சின்ன அளவுக்குத் தலையாட்டினேன். அகலப் பட்டையைத் தொட்டேன். "அது பெரியவங்க போடுறது, சின்னப் பொண்ணுங்க இதைத்தான் கேக்குறாங்க" என்று கொடி மாதிரி முறுக்கி நடுவில் கல் வைத்த ஒன்றை எடுத்தார். நன்றாக இருக்கிறது என்றேன். அது என் கணுவைத் தாண்டாது, பிலோ. எனக்குப் பிடிக்காத, எனக்குப் பொருந்தாத மோதிரத்தை நானே தேர்ந்தெடுத்தேன். கிரி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் போன் செய்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கும் யாருக்கு என்று சொல்ல வேண்டுமே. கையில் போனை எடுப்பதும் வைப்பதுமாக நாள் போயிற்று. மோதிரம் வந்துவிட்டது என்று கிரி சொன்னார். "சரி" என்றேன். இப்போது அவர் மோட்டார் பற்றிக்கூட என்னிடம் பேசுவதில்லை. நேரத்துக்குப் போட்டு நேரத்துக்கு நிறுத்திவிடுகிறார்.

கடையில் நடந்தது அவ்வளவுதான்.

இதைப் படித்து என்னைத் திட்டு. ஆனால் ஈஸ்டர் கழித்து.

ஜெஸ்ஸி


கார்மேல் மடம்
1 ஏப்ரல்

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களுக்கு உண்டாகட்டும், கிரி அவர்களே.

உங்கள் கடிதத்தை நேற்று மாலைதான் வாசித்தேன். தவக்காலம் முழுக்க எங்களுக்கு வருகிற கடிதங்கள் டிராயருக்குள் கிடக்கும். நீங்கள் எழுதியது திருநீற்றுப் புதனுக்கு மறுநாள். அந்தப் புதனுக்கு முன்னால் இங்கே வந்திருந்தால் அன்றே பதில் போட்டிருப்பேன். இத்தனை வாரம் நான் பேசாமல் இருந்ததை என் பதில் என்று எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது டிராயரின் பதில்.

நீங்கள் கேட்டதற்கு முழு விடை எனக்குத் தெரியாது. ஒன்று சொல்கிறேன். அக்காவுக்குப் பிடிக்காத விஷயத்தில் வெட்கமே கிடையாது, முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். மோட்டார் விஷயத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பிடித்ததைத்தான் ஒளிப்பாள். எம்.எஸ்ஸி.யில் முதலாவதாக வந்தபோது மதிப்பெண் பட்டியலை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். அம்மா அரிசி அளக்கும்போது கையில் அகப்பட்டது.

இது உங்களை அப்படி அறிமுகப்படுத்தியதற்குச் சமாதானம் இல்லை. அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றே அவளுக்கும் எழுதுகிறேன். நீங்கள் எனக்கு எழுதியதைச் சொல்லிவிடப்போகிறேன். மன்னியுங்கள்.

உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரி பிலோமினா


கார்மேல் மடம்
1 ஏப்ரல்

அக்கா,

ஈஸ்டர் வாழ்த்து. நான் நலம்.

டிராயரிலிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று உன்னுடையது. இன்னொன்று கிரி அவர்களுடையது. பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். உன் கடிதத்தில் கடையில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர் கடிதத்தில் நான்கு பேர். மைதிலி டீச்சர் உன் கடிதத்திலிருந்து எங்கே போனார்?

புனித வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை வாசித்தோம். பேதுரு நெருப்பு காய்ந்துகொண்டே அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்கிற இடம் வந்தது. அப்போது உன்னை நினைக்கவில்லை. நேற்று நினைத்தேன்.

அவர் உன்மேல் குறை சொல்லவில்லை. நீ வெட்கப்படுவது வயதுக்கா, தனக்கா என்று கேட்டிருக்கிறார். தனக்கு என்றால் விலகிக்கொள்வாராம். அதற்கு நான் எப்படிப் பதில் எழுத முடியும்?

மதருக்கு இன்று எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன், மோட்டாருக்கு அப்புறம் இருந்ததையும். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசிக்கும்போதுதான் தெரிந்தது, ஐம்பது வயதில் என் அக்காவுக்குக் கல்யாணம் என்று சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கிறது. மதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "அந்த மனுஷன் இன்னும் காத்துக்கிட்டிருக்காரா?"

விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிலோ


குஷாய்குடா
5 ஏப்ரல், வெள்ளி

அன்புள்ள பிலோவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் நலம் என்று எழுதினால் அதுவும் பொய்.

நீ அதை எழுதுவதற்கு முந்தின நாளே காரியம் முடிந்துவிட்டது. ஈஸ்டர் பூசை முடிந்து கோவில் வாசலில் கிரி சொன்னார்: "ஏழாம் தேதி வேணாம் ஜெஸ்ஸி. ஃபாதர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். உங்களுக்கு இந்தக் கஷ்டம் கைக்கு?" எதற்கு என்பதை அவர் உருதுவில் "கைக்கு" என்பார். நான் "சரி" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதற்குப் பயந்தேன். வீட்டுக்கு வந்து எல்லாப் பாத்திரங்களையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன்.

மைதிலியை விட்டுவிட்டேன், உண்மைதான். உனக்கு எழுதும்போது அந்த இடம் வந்ததும் பேனா தாண்டிப் போய்விட்டது. விற்பனையாளரிடம் சொன்னதைப் பொய் என்று எழுத முடிந்தது. மைதிலியிடம் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் செக்ரெட்டரிதான். அதனால்தான் எழுத முடியவில்லை.

இன்று காலை ஆசிரியர் அறையில் மைதிலி தனியாக விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அன்னிக்குக் கடையில ஒருத்தரைப் பார்த்தியே..."

"செக்ரெட்டரி சாரா?"

"அவருக்கும் எனக்கும் நிச்சயம் பண்றதா இருந்துது."

மைதிலி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும் மேடம்."

"எப்படி?"

"செக்ரெட்டரிகூட யாராவது மோதிரத் தட்டை நடுவுல வச்சுண்டு உட்காருவாளா? நீங்க எப்ப சொல்லுவேள்னு ரெண்டு மாசமா வாயை மூடிண்டிருக்கேன். பாவம், அவர் முகம்தான் அன்னிக்கு ஒரு மாதிரி ஆயிடுத்து." அப்புறம், "இருந்துதுன்னா என்ன அர்த்தம்?" என்றாள்.

எனக்கு வயதில் இளையவள், என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறாள். விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலையில் மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனேன். கதவைத் திறந்து, "வாங்க மேடம்" என்றார். மேடம். ஒரு வருடத்துக்கு முந்தின குரல்.

"மைதிலிகிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

"என்னன்னு?"

"நீங்க யாருன்னு."

"அதைத்தான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே."

உட்காரச் சொல்லவில்லை. சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். நின்றபடியே பேசினேன். "வெட்கம் வயசுக்குத்தான்னு சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன். அது பாதிதான். இத்தனை வருஷமா இதெல்லாம் எனக்கு வேண்டாம், இதெல்லாம் அசட்டுத்தனம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். என் கிளாஸ் பொண்ணுங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். இப்போ எனக்கே வேணும்னு தோணிடுச்சு. அதுக்குத்தான்."

"எனக்காக இல்லையே?"

"இல்லை."

"ஹவ்?"

"ஹவ்" என்றேன். ஆமாம் என்பதற்கு அவர் சொல்கிற அந்தச் சொல்லை நான் அதுவரை சொன்னதில்லை. அவர் சிரிக்கவில்லை, ஆனால் கதவை விட்டு நகர்ந்து வழி விட்டார்.

உள்ளே போய் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தார். அவருடைய மோதிரத்தைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நக்கோ ஜெஸ்ஸி. அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்?" என்றார். என்னுடையதை எடுத்து என் கணுவரை தள்ளிப் பார்த்தார். அங்கேயே நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்தது, இருமல் மாதிரி சமாளித்தேன்.

நாளைக்குக் கடைக்குப் போகலாம் என்றேன். நான்தான் பேசுவேன் என்றும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" எனக்கு நன்றாக வேண்டும்.

மதரின் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்களா? அவர்களுக்கு என் வணக்கம்.

உன் அக்கா,
ஜெஸ்ஸி


6 ஏப்ரல், சனி

உறையை ஒட்டவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சுதர்சனுக்கு எங்களை நினைவிருந்தது. பெட்டியைத் திறந்து வைத்து, மாப்பிள்ளை மோதிரத்தில் பெயரை மாற்ற வேண்டும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணு மாறிடுச்சா மேடம்?" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"பொண்ணு மாறலை. முதல்லேருந்தே நான்தான்."

சத்தமாகத்தான் வந்துவிட்டது. பக்கத்து மேசையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பியது. சுதர்சன் கிரியைப் பார்த்தார். "அப்போ சாரோட பையன்?"

"சாருக்குப் பையன் இல்லை. கிரிங்கிறது சார்தான்."

சொன்னதும் வெட்கம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. காதும் கழுத்தும் எரிந்தன. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் இன்னொருத்தியின் தொடையில் தட்டியதைப் பார்த்தேன். ஆனால் எழுந்து போகவில்லை. கிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வேர்த்திருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்று சுதர்சன் அளவு வளையங்களை எடுத்தார். மூன்றாவது வளையம் கணுவைத் தாண்டி இறங்கியது. அந்த வளையத்தின் அளவை உள்ளே இருந்தவருக்குக் கேட்கும்படி கத்தினார். "மெதுவா சொல்லுங்க பாய், ஏலமா போடுறீங்க?" என்றார் கிரி. காலையிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

கொடி முறுக்கு மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல் இல்லாத, அகலமான பட்டை. "இது வயசானவங்க மாடல் மேடம்" என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார் சுதர்சன். "ஆமாம், அதுதான்" என்றேன். கிரியின் மோதிரத்தில் உள்ள பெயரைத் தேய்த்து எடுத்தால் பட்டை மெலிந்துவிடும், புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றார். பெயர் எழுதிக்கொள்ள என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கிரி சொன்னார்: "ஜெஸ்ஸி."

இரண்டு வாரம் ஆகும். நாளைக்கு நிச்சயதார்த்தம் கிடையாது. அடுத்த தேதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மெட்ரோ நிலையத்தில் சனிக்கிழமைக் கூட்டம். கோச்சிங் சென்டர் பிள்ளைகள் முட்டி மோதி ஏறினார்கள். எஸ்கலேட்டரில் அவர் எனக்கு ஒரு படி முன்னால் நின்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பவில்லை, தோளையும் எடுக்கவில்லை. மேலே போய்ச் சேரும்வரை கையை எடுக்காமல், யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன்.

யாரும் எங்களைப் பார்க்கவில்லை.